களவெட்டியில் எழுதிய ‘சுகம்’

சாய்ந்தமருது
14.05.1982

அன்பு மகன் மசூருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயிலில் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கும்படி ஐந்து நேரமும் அல்லாஹ்விடம் கேட்கிறோம். இங்கு உன் உம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, தங்கச்சி சுபைறாவின் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பொறு. கையெழுத்தைப் பார்த்து இது யார் என்று திகைத்திருப்பாய். இது வாப்பாவின் சொந்தக் கை. வாசிகசாலையில் சிவக்கொழுந்து டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் எட்டு மாதம் படித்தேன். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் பிடித்திருக்கிறது. “பேனையக் கடிச்சிக் கடிச்சி மையெல்லாம் உங்கட தாடியில” என்று உன் உம்மா சிரிக்கிறா. சிரிக்கட்டும், எனக்குப் பெருநாள் போல் இருக்கிறது.

மகன், உன்னிடம் ஒன்றை மறைத்தேன். பயப்படாமல் கடைசிவரை வாசி. கார்த்திகையிலிருந்து எனக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது, கழுத்தில் ஒரு கட்டியும் வந்தது. கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை மட்டக்களப்புக்கு வந்து இரண்டு நாள் தங்கும் இருதய டாக்டர் அந்தக் கட்டியை வெட்டிச் சோதிக்க அனுப்பினார். நோயின் பெயர் சார்கோயிடோசிஸ், அவர் எழுதித் தந்த துண்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உடம்புக்குள் குருணல் போலச் சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகுமாம். அவை இருதயச் சதையிலும் இருந்தால், வரம்பு உடைந்த வாய்க்கால் தண்ணீர் போலத் துடிப்பு கண்டபடி ஓடும், சிலருக்குச் சடுதியாக உயிர் போகும், எனக்கு அந்த ஆபத்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார். பங்குனியில் செங்கல் அளவான ஒரு டேப் ரெக்கோடரை என் இடுப்பில் கட்டி, நெஞ்சில் வயர்களை ஒட்டி, நம் ஊரார் அண்ணனை அழைப்பதுபோல், “காக்கா, ஒரு நாள் முழுக்க இது உங்கட துடிப்பப் பதியும். வழமையான வேலையச் செய்யுங்க. என்ன செஞ்சீங்க, உடம்புக்கு என்ன தெரிஞ்சுது எண்டு நேரத்தோட இந்தக் கொப்பியில எழுதோணும், எழுதத் தெரியுமா?” என்று கேட்டார். “ஓம் டாக்டர், தெரியும்” என்று நான் போட்ட சத்தத்தில் நேர்ஸ் பிள்ளை திரும்பிப் பார்த்தது. நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். பஸ்ஸில் ஏறினேன், சோறு தின்றேன், தொழுதேன், எல்லாம் எழுதினேன்.

மறுநாள் காலை நாவிதன்வெளியில் நமது சூடடிப்பு. நெல் அடிக்கும் களவெட்டிக்குள் நின்றபோது கண் இருண்டு, வைக்கோலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். கொப்பியை எடுத்தேன். நெற்பொலி குவிந்து கிடக்கும் இடத்தில் ‘இல்லை’, ‘நோய்’ போன்ற குறைவான சொல் சொல்லக் கூடாது என்பது உனக்குத் தெரியும். வாயால் சொல்லக் கூடாததைக் கையால் எழுதலாமா என்று யோசித்து, ‘10.20, களவெட்டி, சுகம்’ என்று எழுதினேன். அன்று பின்னேரம் டேப்பையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், “பத்து இருபதுக்கு உங்கட இருதயம் தறிகெட்டு ஓடியிருக்கு. இதில சுகம் எண்டு கிடக்கு. மெய்யாச் சுகமா காக்கா?” என்றார். பொய் சொல்ல நா எழவில்லை, நடந்ததைச் சொன்னேன். “களவெட்டிச் சட்டம் வயலோட நிக்கட்டும்” என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “துடிப்ப மெசின் சொல்லும், கண் இருண்டத நீங்கதான் சொல்லோணும். சுகம் எண்டத நம்பியிருந்தா அடுத்த மாசம் வாங்க எண்டு அனுப்பியிருப்பன். ரெண்டும் ஒண்டா வந்ததால ஆபத்துக் கூடின ஆக்கள்ட பக்கத்தில உங்கள வைக்கோணும்” என்று அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் தந்தார்.

அங்கே இரண்டு கிழமை கிடந்தேன். இருதயம் இரத்தம் இறைக்கும் பலம் குறையவில்லை என்று கண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். கட்டிகளுக்கு ஒரு குளிசை, துடிப்புக்கு ஒரு குளிசை. திரும்பவும் டேப் கட்டிப் பார்த்ததில் அந்த ஓட்டம் வரவில்லை. “ஆபத்து குறைஞ்சிருக்கு, போயிட்டுது எண்டு சொல்ல மாட்டன்” என்றார் அதே டாக்டர். அந்த நேர்மைக்காகவே ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்குத் துஆச் செய்கிறேன், டீச்சருக்கும் செய்கிறேன். டீச்சரிடம் சொன்னபோது, “இனிமே உள்ளத எழுதுங்க, இல்லாட்டி முதல் வகுப்புக்கே அனுப்புவன்” என்று அதட்டினா.

அதனால் இன்னொரு வரியையும் திருத்துகிறேன். மாசியில் உன் மாமா கச்சிமுகம்மதுவின் கையால், ‘வாப்பா சுகம், லீவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடு’ என்று எழுதுவித்தேனே, அதுவும் களவெட்டியில் எழுதிய சுகம்தான். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. ஆனால் லீவைத் தள்ளிப் போடாதே மகன். இந்த வருடமே வா, உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, நானே வாசிப்பேன்.

இப்போது 4.40. மூன்றாம் நாளாக எழுதுகிறேன். கை நோகிறது, கண் இருளவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இது உள்ளபடி.

உன் வாப்பா,
மீ. உதுமாலெப்பை