சூளை அவசரப்பட்ட டீ

போன வாரம் நம் மகள் புதுச்சேரியிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு டீ. இஞ்சி, புதினா, எலுமிச்சை, மல்லிகை. ஒன்று சங்குப்பூ. வெந்நீரில் போட்டால் தண்ணீர் நீலமாகிறது, வெள்ளை வேட்டிக்குப் போடுவோமே, அந்த நீலம். ஒவ்வொரு பெயரையும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ போன பிறகு மாதா கோயிலை ஒட்டிய கட்டடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். அதில் சேர்ந்துவிட்டேன். இந்தக் கடிதமும் என் கையெழுத்துதான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். பக்கத்தில் டீ இருக்கிறது.

எந்த டீயானாலும் முதல் வாய் குடித்ததும் உன் பக்கம் திரும்புகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கத்தான். புதினா டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொன்னேன்: "இது டீ இல்ல. பல்லு வெளக்குன மாரி இருக்குது." மகளுக்குப் புரை ஏறிவிட்டது. "அம்மாவே வந்து பேசுன மாரி இருக்குதுப்பா" என்றாள்.

கல்யாணமாகித் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து நீ இங்கே வந்தபோது டீயைத் தொட்டதே இல்லை. உங்கள் வீட்டில் கூழும் மோரும்தான். செராமிக் கம்பெனியில் எனக்குச் சூளை அடுக்கி நெருப்பு பார்க்கிற வேலை. உனக்குக் காய்ந்த கோப்பைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கிற வேலை கிடைத்தது. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் லாரி ஓட்டினார். நாம் செய்த சாமான்களை வைக்கோல் போட்டுக் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோவார். மலைப் பக்கம் போனால் திரும்பும்போது ஒரு டீப் பொட்டலம் வாங்கி வருவார். அவருக்கே டீ ஆகாது, வயிறு எரியும். நமக்காகத்தான் வாங்கினார். முதல் பொட்டலம் குன்னூர்த் தூள். நீ ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "இது கோவக்கார டீ" என்றாய். அன்றைக்குப் பிடித்தது நம் இருவருக்கும் அந்தப் பைத்தியம்.

அப்புறம் வால்பாறை வந்தது, மூணாறு வந்தது. ஒரு தடவை யாரோ இன்னொரு டிரைவர் மூலமாக அசாம் இலையும் வந்தது. நமக்கு எழுத்து தெரியாது. பொட்டலத்தின் மேல் இருந்த படத்தைப் பார்த்து நீ பெயர் வைப்பாய். யானை டீ, கிளி டீ, கூடைக்காரி டீ. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் புதுப் பொட்டலம் பிரிக்க வேண்டும் என்பது உன் சட்டம். முதலில் பால் இல்லாமல், பிறகு பாலோடு, கடைசியில் வெல்லம் போட்டு. யானை டீ "மழையில நனைஞ்ச வைக்கோலு." கூடைக்காரி "வாசம் இருக்குது, தெம்பு இல்ல." எனக்குக் கிளி பிடிக்கும். உனக்கு ஆகாது.

"கிளி டீய எப்படிங்க குடிக்கிறீங்க? இதுல டீத்தூள் விழுந்துச்சா, இல்ல படத்த மட்டும் வேக வெச்சீங்களா?"

"உனக்கு நாக்கு இல்ல புள்ள. சுண்ணாம்பு தடவிக் காய வெச்சிருக்க."

அந்தோணி அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார்: "ஊர்ல எல்லாரும் சொத்துக்கு சண்ட போடுறான். இதுங்க கிளிக்கும் யானைக்கும் அடிச்சிக்குதுங்க."

சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் உனக்கு இருமல் வந்தது. விளிம்பு தேய்க்கிற அறையில் எப்போதும் வெள்ளைத் தூசி பறக்கும். உன் புருவமும் முடியும் மாலையில் கிழவி போல வெளுத்திருக்கும். அதைக் கேலி செய்துகொண்டிருந்தவன், நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இருமியதும் வாயை மூடிக்கொண்டேன். பெரியாஸ்பத்திரி டாக்டர், தூசியை விட்டு வெளியே வந்தால் சரியாகும், இல்லையென்றால் நெஞ்சு கெட்டுவிடும் என்றார். வேலையை விட்டால் வீடு நடக்காது. அந்தச் சமயம் பார்த்து கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தவர் கடையை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். அந்த இடத்தைக் கேட்டு சூப்பர்வைசர் முன்னால் நின்றாய். நான் உன் பின்னால் நின்றேன்.

"பொம்பள டீக்கட வெச்சா ஆளு வருவானாம்மா?" என்றார் அவர்.

"டீ நல்லா இருந்தா வருவாங்க சார்."

"ஒரு வாரம் பாக்குறேன். கூட்டம் வந்தா எடம் உனக்கு. வரலன்னா நெய்வேலிலேர்ந்து ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கம்பெனியில் கழித்துப்போட்ட கோப்பைகளையே நீ கடைக்கு வாங்கினாய். பிடி கோணினது, வாய் நெளிந்தது, மெருகு ஓடாமல் திட்டாக நின்றது. ஒவ்வொன்றையும் காதருகே வைத்து நகத்தால் சுண்டுவாய். கணீரென்றால் கூடைக்குள். சொத்தென்றால் கீறல் இருக்கிறது, வெளியே. டீயையும் முடிவு செய்தாய்: நிறத்துக்குக் கோவக்காரன், வாசத்துக்குக் கூடைக்காரி, இரண்டும் கலந்து. கிளி கிடையாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

கடை திறப்பதற்கு முந்தின நாள் ஐப்பசி மழை கொட்டியது. ஓலை ஒழுகி, தூள் வைத்திருந்த தகர டப்பாவுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. நம் ஆட்களுக்கு ஈரமான எதையும் காயவைக்க ஒரே இடம்தான் தெரியும். சூளைச் சுவரில் இருக்கும் மாடம். ஆறுகிற சூளையின் மாடத்தில் துண்டு காயும், வேர்க்கடலை பதமாக வறுபடும். நீயும் டப்பாவை அங்கே கொண்டுபோய் வைத்தாய். அடுத்தடுத்து இரண்டு சூளைகள், நடுவில் ஒரு சந்து. ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றில் தீ உச்சத்தில் இருந்தது. மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிய நீ, எரிகிற சூளையின் மாடத்தில் வைத்துவிட்டு வந்தாய்.

விடியற்காலை டப்பாவைத் திறந்தோம். தூள் காபிக்கொட்டை நிறத்தில் இருந்தது. கேழ்வரகு வறுக்கிற வாசம் வந்தது. வேறு தூள் இல்லை. அந்தோணி அண்ணன் கோயம்புத்தூர் போயிருந்தார். கடைத்தெரு திறக்க நேரமிருந்தது, முதல் ஷிப்ட் ஆட்களோ வந்துகொண்டிருந்தார்கள்.

"எரியிற சூளையில வெச்சிட்டியே புள்ள" என்றேன்.

"நான் ஆறுற சூளையிலதாங்க வெச்சேன். அது அவசரப்பட்டுடுச்சு."

இதைச் சொல்லும்போது உன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் பாலை அடுப்பில் ஏற்றினாய்.

முதலில் வந்து நின்றவர் மெருகு போடுகிற அறை மேஸ்திரி. அவர் நாக்குக்கு ஊர் டீக்கடைக்காரர்கள் எல்லாரும் பயப்படுவார்கள். முகத்துக்கு எதிரே கீழே கொட்டிவிட்டுப் போகிறவர். நீ கோணல் பிடி வைத்த கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒரு வாய் உறிஞ்சினார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு வாய்.

"ஏம்மா, இது டீயா, காப்பியா?"

"குடிச்சி முடிச்சிட்டு நீங்களே சொல்லுங்கண்ணே."

மேஸ்திரி முழுவதையும் குடித்தார். அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கினார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"ரெண்டும் இல்ல. இன்னொண்ணு ஊத்து."

பின்னால் நின்றவர்கள் முண்டியடித்தார்கள். "இது என்னா ரகம்?" என்று யாரோ கேட்டார். நீ அடுப்பைப் பார்த்தபடியே, "புது ரகம். சூளை டீ" என்றாய்.

மறுநாள் நல்ல தூள் வாங்கி நல்ல டீ போட்டோம். மேஸ்திரி ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்து குடுத்தது எங்க?" என்றார். அதற்கப்புறம் அந்த ருசியை மறுபடி கொண்டுவர நாம் பட்ட பாடு இருக்கிறதே. ஆறுகிற சூளையில் வைத்தால் சும்மா சூடாகிறது. எரிகிற சூளையில் கொஞ்சம் விட்டால் கரியாகிறது. நான் நெருப்பு பார்க்கிற நேரத்தில் டப்பாவையும் பார்க்க வேண்டியதாயிற்று. கோப்பை வெந்ததா என்று பார்ப்பதைவிட உன் தூள் சிவந்ததா என்று பார்ப்பதுதான் அதிகம் என்று என்னை எல்லாரும் கேலி செய்தார்கள். வாரம் முடிந்தது. சூப்பர்வைசர் வந்து ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இடம் நமக்கு என்று அதற்கு அர்த்தம். தை பிறந்தபோது உன் இருமல் நின்றிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, திருஷ்டி பட்டுவிடும் என்று. நீயும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே எனக்குக் கிளி டீ போட்டுக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நீ தூசியில்லாமல் மூச்சு விட்டாய், என்னைத் திட்டினாய், டீ குடித்தாய்.

நேற்று மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பெட்டியிலிருந்து வெறும் டீ என்று எழுதியிருந்த பொட்டலங்களை எடுத்தேன். கத்தரித்துத் தூளைத் தோசைக்கல்லில் கொட்டி வறுத்தேன். சூளை இல்லை, அடுப்புதான். கொஞ்சம் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. தலையைத் துவட்டாமலே ஓடி வந்தாள்.

"என்னப்பா, கருகுற நாத்தம் வருது? என்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. அடுப்புதான் அவசரப்பட்டுடுச்சு."

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா, ஈரத்தலையில் தெரியவில்லை. நான் பாலை ஊற்றி டீ போட்டேன். மிச்சமிருக்கும் உன் கோணல் பிடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"இன்னொண்ணு ஊத்துங்கப்பா" என்று நீட்டினாள்.

வாங்கி, காதருகே வைத்து நகத்தால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது. ஊற்றினேன்.