வாக்குத்தத்த அட்டை

ஞாயிறு, இரவு.

அப்பா இதய ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையின் எழுத்துகளை எண்ணி, இந்த டிசம்பரில் இயேசு வந்துவிடுவார் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

"வருகை நெருங்கிருச்சு. இப்பப் போயி எதுக்குத்தா நெஞ்சக் கிழிக்கணும்?"

நானும் எண்ணிப் பார்த்தேன். வசனத்துக்குக் கீழே இருந்த சிவகாசி அச்சகத்தின் பெயரையும் சேர்த்து எண்ணியிருந்தார். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்தார். பிறகு கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சாப்பிட்டு எழுந்தபோது கேட்டார்:

"அப்ப ஒங்கம்மாவப் பாக்க இன்னும் எம்புட்டு வருசம் கெடக்கணும்?"

அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது.

"ரொம்ப வருசம்ப்பா" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.