சேட் சொன்ன ‘சாலேல்’

செவ்வாய்க்கிழமை, இரவு

கசார்வாடிப் பட்டறையில் பிரஸ் மெஷினை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரை இன்று பார்த்தேன். சவுண்ட் கார்டும் மெஷின் கார்டும் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஆளுக்கொன்றாக இருக்க வேண்டிய ஐ.ஆர்.க்யூ. எண்ணில், ஒரே எண்ணுக்கு மோதிக்கொண்டதில் மெஷின் பாதியில் நின்று நின்று போனது. வேறு எண் காலியில்லை. சவுண்ட் கார்டை முடக்கினேன், மெஷின் ஓடியது.

ஆனால், பிரஸ்ஸுக்குள் கை போனால் அலறும் அலாரம் அந்தக் கார்டு வழியாகத்தான் வரும். முதலாளியிடம், “சேட், பினா அலாரம் சலேகா?” என்று, அலாரம் இல்லாமல் பரவாயில்லையா எனக் கேட்டேன். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, “சாலேல்” என்றார் இந்த ஊர்ப் பேச்சில். பரவாயில்லை என்கிறார் என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் இவள் முகம் மாறிவிட்டது. “பரவால்லங்கிறதுக்கும் ஓடும்ங்கிறதுக்கும் இங்க ஒரே வார்த்தைதானங்க. அவர் எதைச் சொன்னார்? ராத்திரி ஷிஃப்ட் ஆளுக்கு அலாரம் இல்லன்னு தெரியுமா?”

சேட் போனை எடுக்கவில்லை. பட்டறையிலும் யாரும் எடுக்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் பட்டறை. பிரஸ் இடிக்கும் சத்தம் மழையையும் மீறி இங்கே கேட்கிறது. மழை சற்று விட்டதும் நேரில் போய் நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இதோ, சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை.