பிரித்து மாட்டிய தெரு

டீச்சர், இன்று காலை மேட்டுப்பாளையத்திலிருந்து புதுச் சரக்கு இறங்கியது. பெட்டியைத் திறந்ததும் தெர்மாகோலும் பெயிண்டும் கலந்த வாடை கடை முழுக்க அடித்தது. காற்றாலை, எரிமலை, கலங்கரை விளக்கம். எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்ததாகக் கொண்டுபோகும் ப்ராஜெக்ட். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சாரம் பகுதியில் இருக்கும் என் கடைக்கு முதன்முதலாக வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விற்காதீர்கள் என்றீர்கள். நான் வேறு கணக்குப் போட்டேன்.

"எவ்ளோ கமிஷன் எதிர்பாக்குறீங்க டீச்சர்?"

"ஒன்னும் வேணாம்ண்ணே. ஒங்க சரக்கு ரொம்ப அழகா இருக்குது. அதான் சந்தேகம்."

நான் நம்பவில்லை. கமிஷன் வேண்டாம் என்பவரிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை தேவை. விற்பதையும் நிறுத்தவில்லை.

அப்புறம் என் மகளே உங்கள் வகுப்புக்கு வந்தாள். தெருவில் பெய்கிற மழை எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டதற்காக, புத்தகத்தைத் தொடாமல் வாய்க்கால் வாய்க்காலாகத் திரிந்தாள். நான் பாதியில் படிப்பை விட்டவன். இவளும் கோட்டை விட்டால்? டி.சி. வாங்கிவிடும் முடிவோடுதான் பள்ளிக் கண்காட்சிக்கு வந்தேன்.

"பிரிச்சுக் காட்டு. திரும்ப மாட்டு" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னீர்கள். பல அம்மாக்களின் முகம் சுருங்கியது. அவர்கள் கொண்டுவந்தது என் சரக்கு.

என் மகள் அட்டையில் தானே செய்த தெருவைப் பிரித்தாள், மாட்டினாள், தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் நடுவில் நின்றுவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்கண்ணே. அவ தெரு அது."

மேசையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தவள், காகிதத்தை மடித்து ஒரு முனைக்கு அடியில் செருகினாள். தண்ணீர் ஓடியது.

"முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டீங்களா?" உங்கள் காதோரம் கேட்டேன்.

"தண்ணி நிக்கும்னு எனக்கே தெரியாதுண்ணே!"

டி.சி. கேட்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். தடுமாறாமல் சொன்னாள்.

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகள் இப்போது ஆறாவது, வேறு பள்ளி. சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு எரிமலையைத் தூக்கினாள்.

"இத எடுத்துக்கறேம்ப்பா. அங்க யாரும் பிரிச்சுக் காட்டச் சொல்றதில்ல."

சொன்னபோது அவள் குரலில் அப்படியொரு நிம்மதி.

ஊருக்கு விற்பேன், அது என் பிழைப்பு. அவளுக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழகாக முடிந்த எதைப் பார்த்தாலும் இது யார் செய்தது என்று தேடுகிற உங்கள் சந்தேகம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, டீச்சர். என் மகள் மேலேயே அது திரும்பும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.