நடுகல் பார்க்க வந்தவர்கள்

தம்பிக்கு,

உன் சேனலில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன். வேறு முகவரி எங்களிடம் இல்லை.

திருத்தணி மலைப்படிகளைக் காட்டிவிட்டு, மணவூரில் நம் வயல் வரப்பில் நிற்கும் நடுகல்லையும் படம் பிடித்திருக்கிறாய். "இப்படி ஒரு கல்லு இருக்கிறதே இங்க யாருக்கும் தெரியாது" என்கிறாய். யாருக்குத் தெரியாது? வாரந்தவறாமல் அதைக் கழுவிப் பொட்டு வைப்பது நைனாதான். அன்று காலையும் கழுவியிருந்தார். உன் வீடியோவிலேயே ஈரம் தெரிகிறது. அங்கிருந்து நம் வீடு கூப்பிடு தூரம். உனக்கு வரத் தோன்றவில்லை.

ஞாயிறன்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நைனா கூடவே நடந்துபோய்க் கல்லைக் காட்டினார்.

"இந்த வயல் யாரோடதுங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"எங்களுதுதாம்மா."

வீடியோ எடுத்தவன் தன் மகன்தான் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து அடக்கினார்.

அவர்கள் காரில் ஏறியதும் ஜன்னலருகே போய் நைனா மெல்லக் கேட்டார்: "அந்த வீடியோ எடுத்தவரோட நம்பரு உங்ககிட்ட இருக்குதாங்க?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நைனாவின் நம்பர் இன்னும் மாறவில்லை.

உன் அக்கா