வானிலைக்கும் பூட்டு

ஜூன் 9, செவ்வாய், மாலை 6.10

கைபேசியில் உள்ள செயலிகள் அறுபத்து மூன்று. இந்த நிமிடத்தில் பூட்டுப் போட்டவை பதினான்கு. உண்மையில் பூட்டு தேவைப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஆனால் ஒன்றை மட்டும் பூட்டினால், ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று பலகை மாட்டியது போல ஆகிவிடும். ஆகவே கால்குலேட்டர், டார்ச், வானிலை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூட்டு. இப்படி யோசிக்கிற மூளை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

காரணம் இதுதான். போன செவ்வாய் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கூரை கான்கிரீட் போட்டார்கள். அதே கலவையில் ஆறு கனசதுரக் கட்டிகள் எடுத்து எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் அதை கியூப் என்போம். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று இயந்திரத்தில் வைத்து நசுக்குவது என் வேலை. இருபத்தெட்டாம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு இருபத்தைந்து நியூட்டன் தாங்க வேண்டிய கலவை, ஏழாம் நாளில் குறைந்தது பதினாறு தாங்க வேண்டும். இன்று வந்தது 10.8, 11.1, 10.6.

எங்கள் தலைமை அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரவுண்டாஃப். எந்த எண்ணையும் முழு எண்ணாக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. எட்டிப் பார்த்தார். பதிவேட்டில் 17 என்று எழுதினார். 10.8 எந்தக் கணக்கில் 17 ஆகும்? கேட்டேன்.

"ஏழு நாள் ரிப்போர்ட்ட எவன் தம்பி பாக்கப்போறான்? இருபத்தெட்டுல ஏறிடும். போடுங்க."

'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு பூட்டுப் போட ஒரு மணி நேரம் ஆனது. அந்தக் கையெழுத்துக்கு நான்கு விநாடி.

நல்லவேளை, அவர் வருவதற்கு முன்பே படம் எடுத்துவிட்டேன். கியூப் எண், தேதி, இயந்திரத்தின் திரை எல்லாம் தெளிவாக, ஐம்பத்திரண்டு படங்கள். அவைதான் படங்களை ஒளித்துவைக்கும் பெட்டகச் செயலிக்குள் இருக்கின்றன. வீட்டிலும் காட்ட முடியாது. அந்தக் கூரை வேலைக்கு மேற்பார்வையாளர் என் மாமனார். கான்கிரீட் போட்ட அன்றைய சீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் மகள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

பாதுகாப்பு விவரம்: கைரேகை, அது போக பாஸ்வேர்டு. அமைப்பில் விரல் 1, விரல் 2 என்று இரண்டு பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி. போதும். புது விரல் சேர்த்தால் பெட்டகம் கைரேகையை நம்பாது, பாஸ்வேர்டு கேட்கும். பத்து முறை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பது முழுக்க அழியும். இரண்டையும் நானே தேடிப் பிடித்துப் போட்டேன்.

பாஸ்வேர்டை இந்த நோட்டில் எழுத மாட்டேன். நோட்டில் எழுதி வைப்பவன் மடையன்.

ஜூன் 10

காலையில் மனைவி என் கைபேசியை எடுத்து நீட்டினாள், வானிலை பார்த்துச் சொல்லச் சொல்லி. பூட்டைப் பார்த்துவிட்டாள்.

"மழை வருமான்னு பாக்கறதுக்குக்கூடவா பாஸ்வேர்டு? மேகம் என்ன உங்க சொந்தக்காரங்களா?"

தகவல் பாதுகாப்பு என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அவ பேரு என்ன?" என்றாள்.

எவளும் இல்லை என்றேன். எவளும் இல்லாதவன் டார்ச்சை எதற்குப் பூட்டுகிறான் என்று கேட்டாள். பதில் இருந்தது. சொல்ல முடியாது.

ஜூன் 11

இன்று அவள் குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். காலையில் வெயில் பளீரென்று அடித்தது, நான் சிரித்தேன். நான்கு மணிக்குக் கொட்டியது. தெப்பமாக நனைந்து வந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தேன் என்றாள்.

ஜூன் 12

பாஸ்வேர்டு மாற்றம். பதினாறு எழுத்து.

ஜூன் 14, ஞாயிறு

மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் தன் வேலையிடக் குறிப்பேடுகளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுகிறார். முப்பது வருடமாக அப்படித்தானாம். இது எதற்குப் பூட்டு என்றேன்.

"பூட்டுனது தெரியணும்ல மாப்பிள்ள. தொறக்கணும்னு நெனைக்கிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அவரே கேட்டார், கியூப் எப்படி வந்தது என்று. "நல்லாருக்கு மாமா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார். மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள்.

எப்படி வாயில் வந்தது அந்த 'நல்லாருக்கு'? நான் முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்றல்லவா ஊர் முழுக்கப் பெயர்.

ஜூன் 17

ஒரு வாரமாக அவள் பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அன்று விளக்கிச் சொன்னது வேலை செய்திருக்கிறது. நிதானமாக எடுத்துச் சொன்னால் யாருக்கும் புரியும்.

ஜூன் 19

கட்டைவிரலை வைத்தேன். மீண்டும் முயலவும். துடைத்துவிட்டு வைத்தேன். மீண்டும் முயலவும். ஆள்காட்டி விரல். மீண்டும் முயலவும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனி வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. சிமெண்டும் சுண்ணாம்புத் தண்ணீரும் ரேகையைத் தின்றுவிட்டன. தொட்டிக்குள் கைவிட ரப்பர் உறை கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "வாங்கிடலாம் தம்பி." அதையும் ரவுண்டாஃப் செய்துவிட்டார், பூஜ்யத்துக்கு.

பரவாயில்லை. கைபேசியைத் திறக்க நான்கு இலக்க எண், பெட்டகத்தைத் திறக்கப் பாஸ்வேர்டு இருக்கிறது.

ஜூன் 22

பாஸ்வேர்டு இல்லை.

இருக்கிறது, மண்டைக்குள் எங்கேயோ. பன்னிரண்டாம் தேதி வைத்ததா, நேற்று மாற்றியதா? நேற்று மாற்றினேனா, மாற்ற நினைத்தேனா? ஆறு முறை தப்பு. வேறு விரலைப் புதிதாகப் பதியலாம். பதிந்தால் பாஸ்வேர்டு கேட்கும். இந்த வசதியைக் கண்டுபிடித்த புத்திசாலி யார் என்று எனக்குத் தெரியும்.

மீதம் நான்கு.

ஜூன் 25

எட்டு முறை தப்பு. மீதம் இரண்டு. இனி நிச்சயமாகத் தெரியாமல் தொடக் கூடாது.

நான்கு நாளாக இரண்டு விரலுக்கும் வாஸ்லின் தடவித் துணி சுற்றியிருக்கிறேன், ரேகை முளைக்கட்டும் என்று. சிமெண்டு அரித்துவிட்டது என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். நாள் முழுக்கக் கையுறைக்குள் இருக்கும் விரல்கள், ரேகையெல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். மாலையில் ஒரு பெட்டிக் கையுறை வாங்கிவந்து மேசையில் வைத்தாள். "இதப் போட்டுக்கிட்டு ஒடைங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாமா இன்று தொலைபேசியில் பேசினார். அடுத்த வாரம் கூரைக்குக் கீழே உள்ள முட்டுகளைப் பிரிக்கிறார்களாம். பிரித்தால் கூரை தன் பலத்தில்தான் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வகுப்பறை. சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். நானும் அதையே கேட்டேன். பிறகு வைத்துவிட்டார்.

ஜூன் 30, செவ்வாய். இருபத்தெட்டாம் நாள்.

ஆய்வக வாசலில் புதிதாக ஒரு பெட்டி. கைபேசிகளை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். பாதுகாப்பு விதியாம். எனக்கே பாதுகாப்புப் பாடம்.

16.4, 15.9, 16.2. ஏறவே இல்லை. உடைந்த துண்டுகளை அள்ளி வழக்கம்போலப் பின்வாசல் பள்ளத்தில் கொட்டினார்கள். சாட்சியின் மேல் நடந்துதான் நாங்கள் சைக்கிள் எடுக்கப் போகிறோம்.

ரவுண்டாஃப் 26 என்று எழுதிப் பேனாவை என் பக்கம் நீட்டினார். போட மாட்டேன் என்றேன். பேனாவை அவர் பக்கமே தள்ளினேன்.

"ஏழாம் நாள் பதினேழுன்னு போட்டிருக்கு. கீழ யாரு கையெழுத்து தம்பி? இப்ப இல்லைன்னா உங்களத்தான் கேப்பாங்க. நாளைக்கு வந்து போட்டுட்டுப் போங்க."

மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்பதாவது முறை அடித்தேன். தப்பு. மீதம் ஒன்று.

படம் இல்லையென்றால் நான் சொல்வதற்கு மதிப்பு என்ன? பொய்யில் கையெழுத்துப் போட்டவன், இப்போது மாற்றிப் பேசுகிறான். அவ்வளவுதான். முட்டு பிரிக்க நான்கு நாள்.

ஜூலை 1

கையெழுத்துப் போடவில்லை. நாளை யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, 10.8, கையெழுத்து, அவள் அப்பா, பெட்டகம், ஒன்பது முறை, எல்லாம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். என் கைபேசியை எடுத்தாள். கட்டைவிரலை வைத்தாள்.

திறந்துகொண்டது.

பெட்டகத்தைத் தொட்டு மறுபடி விரல் வைத்தாள். ஐம்பத்திரண்டு படங்களும் வரிசையாக வந்தன.

"போன வருஷம் வண்டில போறப்ப வழி பாத்துச் சொல்லுன்னு என் வெரலப் பதிஞ்சது யாரு?"

விரல் 2. என் ஆள்காட்டி விரல் இல்லை. என் ஆள்காட்டி விரல் இந்தக் கைபேசியில் என்றைக்குமே பதிவானதில்லை. பத்தொன்பதாம் தேதி அது 'திறக்கவில்லை' என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"குடை எடுத்துட்டுப் போனேன்ல, அன்னிலேர்ந்து. எவளோ இருக்கான்னு நெனச்சுத்தான் தொறந்தேன். பாத்தா ஒடைஞ்ச கல்லு. ஒரு பொண்ணு இருந்திருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்."

படம் மட்டும் பார்த்து எப்படிப் புரிந்தது என்றேன். மேசைமேல் கிடக்கும் இந்த நோட்டையும் படித்தாளாம். கையெழுத்துதான் சகிக்கவில்லையாம்.

பிறகு சொன்னதுதான் பெரிது. இருபதாம் தேதியே அவள் அப்பாவைக் கேட்டிருக்கிறாள். கலவை லாரி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று இறுகிவிட்டது, ஒப்பந்தக்காரர் தண்ணீரை ஊற்றி இளக்கச் சொன்னார், மாமா வேண்டாம் என்றார், அவர்கள் ஊற்றினார்கள். நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி, அந்தச் சாவி தொங்கும் அலமாரியில் வைத்திருக்கிறார். ஏன் வெளியே சொல்லவில்லை? பதினேழில் மாப்பிள்ளை கையெழுத்து இருக்கிறது என்று அவருக்கு மேற்பார்வை அலுவலகத்தில் தெரிந்திருக்கிறது. தான் வாயைத் திறந்தால் என் வேலை போகும் என்று அவர் பொத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவர் பெயர் கெடும் என்று நான் பொத்திக்கொண்டிருந்தேன். கூரை மட்டும் யாருக்காகவும் பொத்திக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் ஏன்டி சும்மா இருந்த என்றேன்.

"முட்டு நிக்கிற வரைக்கும் கூர விழாதுன்னு அப்பா சொன்னாரு. அதான் ரெண்டு பேருல யாரு மொதல்ல பேசறீங்கன்னு பாத்தேன். நீங்கதான சொல்லுவீங்க, இருபத்தெட்டு நாள் ஆனாத்தான் உறுதி தெரியும்னு. அது வரைக்கும் டைம் குடுத்தேன். நாளைக்கும் பேசலைன்னா நானே அனுப்பியிருப்பேன்."

அவள் கைபேசியைக் காட்டினாள். ஐம்பத்திரண்டும் அங்கேயும் இருக்கின்றன. பூட்டே இல்லாமல்.

ஜூலை 2

மாமாவும் நானும் ஒரே வண்டியில் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் அம்மாவிடம் போனோம். படியேறும்போது, "நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாம் மாப்பிள்ள" என்றார். "நீங்களும்தான் மாமா" என்றேன். தலையாட்டினார்.

அந்த அம்மா படங்களையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். முட்டுகளைத் தொடக் கூடாது என்று எங்கள் எதிரிலேயே தொலைபேசியில் உத்தரவு போட்டார். பிறகு பதிவேட்டின் நகலைத் திருப்பி, "இந்தப் பதினேழு யாரோட கையெழுத்து?" என்றார்.

"என்னோடது."

மேற்கொண்டு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

ஜூலை 3

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்கும் ரவுண்டாஃபுக்கும் ஒரே கடிதம். இரண்டு பெயரும் ஒரே வரியில். மாமாவை வேறு வேலையிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி காலையில் குடை எடுத்துக்கொண்டு போனாள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 4, சனி, காலை 9.15

பூட்டுப் போட்ட செயலிகள் பதினான்கு. இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்கள் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போவது. கூரையிலிருந்து உருளை உருளையாகத் துளைத்தெடுத்துச் சோதிக்கிறார்கள். வேலையில் இல்லாவிட்டாலும் பார்க்கலாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

2. விசாரணைக்கு எழுதிக் கொடுப்பது: 10.8 என்று தெரிந்தே 17-இல் கையெழுத்துப் போட்டேன். ரவுண்டாஃப் செய்யாமல் எழுத வேண்டும்.

3. வானிலை, டார்ச், கால்குலேட்டர் பூட்டுகளை எடுப்பது. பாஸ்வேர்டோ விரலோ கேட்கும். அவளைக் கூப்பிடுவது.

4. 'பத்து முறை தப்பினால் அழி' என்பதை நிறுத்துவது. அதற்கும் அவளைக் கூப்பிடுவது.

5. மாமாவின் அலமாரிச் சாவியைப் பற்றி இனி வாயைத் திறப்பதில்லை.

6. இந்த நோட்டை மேசைமேலேயே வைப்பது. கையெழுத்தைக் கொஞ்சம் திருத்துவது.

7. விரல் 2-ஐ நீக்குவது. இல்லை. பெயரை மட்டும் மாற்றுவது.