அடுப்பில்லாமல் ஐஸ் தயிர்

மே 12, செவ்வாய்

வெயில். தகரக் கூரை காலையிலேயே சுடுகிறது. பால்காரன் பாதி தண்ணீர், பாதி பால். கேட்டால் மாட்டுக்கு உடம்பு சரியில்லையாம்.

நாளைக்கு வேண்டியது: ஐஸ், கல்லுப்பு, மாம்பழம், சர்க்கரை கொஞ்சம்.

இவருக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். தங்கச் சுரங்கத்துக்குக் கீழே இருக்கும் சூட்டில் வெந்து வருகிறார், சோறு இறங்குவதில்லை. ஐஸ் தயிர் என்றால் மட்டும் இறங்கும். கல்யாணத்துக்கு முன் நான் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது அங்கே சமையல்காரர் சொல்லிக்கொடுத்தது. அந்த வேலையில் கண்ட ஒரே லாபம்.

நாள் முழுக்க டிரில் பிடிக்கிற கை, வீட்டுக்கு வந்தும் நடுங்கும். ஸ்பூன் நிற்காது. நான்தான் ஊட்டுவேன். அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டே, "எம் மவனுக்கு இன்னும் பல்லு மொளைக்கல போல." இவருக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாச்சு.

மே 13, புதன்

எழுத வேண்டாம் என்றிருந்தேன். தூக்கமும் இல்லை, வேறு என்ன செய்ய.

மத்தியானம் நடந்தது. வாளியில் ஐஸும் உப்பும், நடுவில் பிஸ்கட் டின், உள்ளே தயிரும் மாம்பழமும். திருப்பித் திருப்பி இறுகுகிற நேரம். தரை ஆடியது. அலமாரியில் தம்ளர் எல்லாம் கிலுகிலு. பர்ஸ்ட். கீழே பாறை வெடிக்கிறது, வீடு ஆடுகிறது, மாதத்தில் எத்தனை தரம். உப்புத்தண்ணீர் டின்னுக்குள் போய்விடுமே என்று மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கவலை அதுதான். இவர் நினைப்பே வரவில்லை.

அப்புறம் சைரன்.

இவர் செட்டில் மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இவர் மட்டும் இடிந்த கல்லுக்கு அந்தப் பக்கம். மேலே வந்தவர்கள் மாட்டுகிற டைம் ஆபீஸ் பலகையில் இவர் டோக்கன் இல்லை. பார்த்துவிட்டு வந்தேன், மறுபடி போய்ப் பார்த்தேன்.

மே 14, வியாழன்

காற்றுக் குழாயைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். அந்தப் பக்கத்திலிருந்து. உயிரோடு இருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. எதிர்வீட்டு லோகம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எங்கள் கூலி லைன் வீடுகளில் அப்படித்தான், கீழே மாட்டின ஆள் மேலே வரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாவு வீட்டு வழக்கம். தட்டுகிறாரே, அவருக்கு எதற்கு இது. கத்திவிட்டேன்.

அத்தை குரல் உயர்த்தவில்லை. "பத்த வெக்காத புஷ்பா. ஊரு பேசும்." அவ்வளவுதான்.

புத்தர் படத்துக்கு விளக்கு ஏற்றினேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 15, வெள்ளி

புதன்கிழமை டின் அப்படியே மூலையில், லோகம்மா வாளியில் மறுபடி ஐஸ் போட்டுக் கோணி சுற்றி வைத்ததால் பாதிதான் உருகி. கொட்ட மனம் வரவில்லை. திறந்து முகர்ந்தேன், கெடவில்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

தோண்டுகிற செட் மேலே வந்தது. மேஸ்திரி ஏழுமலை அண்ணன், இவரோடு கூட வேலை பார்த்தவர். உதடு வெடித்து, கண் சிவந்து, பேச முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாதாம், அப்படிச் சூடு. டின்னை நீட்டினேன். ஆளுக்கு ஒரு வாய். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜில்லுனு கீதும்மா. இந்த மாரி ஒரு வாய் கெடச்சா இன்னொரு தபா எறங்கலாம்."

இறங்கினார்கள். நேராக ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடினேன். ஐஸ் டிப்போக்காரர் முகத்தைப் பார்த்தார், கேட்காமலே முழுக் கட்டி. நிறைய மரத்தூள்.

வீட்டில் சண்டை. "எம் புள்ள மண்ணுக்குள்ள கீறான், நீ இன்னாடி பழத்த பெசஞ்சினு கீற?"

"இதுக்கு அடுப்பு வேணாம் அத்தே."

அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். தயிர் லோகம்மா கொடுத்தாள். அவள் வீட்டுக் கிண்ணங்களும்.

மே 16, சனி

குழாயில் சத்தம் இல்லை. தூங்குகிறார் என்கிறார்கள். என்னை என்ன குழந்தை என்று நினைத்தார்களோ.

ஷாஃப்ட் வாசலில் துரை ஒருவர். இன்னொரு பர்ஸ்ட் வந்தால் தோண்டுகிறவர்களும் போவார்கள், நிறுத்தலாம் என்று பேச்சு. ஏழுமலை அண்ணன்: "நாங்க கேட்டமா சார் நிறுத்தச் சொல்லி?" திரும்பி என்னிடம், "சாயந்திரம் இன்னா பழம்மா?"

மாம்பழம் என்றேன். வேறென்ன சொல்ல.

இவர்கள் இறங்குகிறவரைக்கும் இவர் உண்டு. எனக்கு அது போதும். கை தோல் உரிந்துவிட்டது, உப்பு பட்டு எரிகிறது. வாளிப் பக்கம் குனிந்தால் அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். டின்னை என் கையிலிருந்து வாங்கித் திருப்ப ஆரம்பித்தார்கள். என்னைவிட வேகம்.

மே 17, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

மாம்பழம் கிடைக்கவில்லை, சப்போட்டா. தயிர் புளிப்பு. சர்க்கரை கூடப் போட்டேன். அத்தையும் கூட வந்தார்கள், கோணியில் சுற்றிய வாளியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு.

சாயந்திரம் ஆட்களை மேலே ஏற்றிவரும் கேஜ் வந்தது. ஏழுமலை அண்ணன்தான் முதலில். கிண்ணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாணாம்மா."

"நேத்து மாரிதாண்ணே. பழந்தான் சப்போட்டா."

"எடுத்துட்டோம்மா. இந்தக் கையாலதான் எடுத்தோம். குளிக்காம இதால எப்டிம்மா வாங்கித் துன்றது?"

அத்தை வாளிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கிண்ணம் உருகுகிறதே என்றுதான் இருந்தது. இத்தனை நாள் எனக்காக இறங்கின மனுஷன், தொண்டை காய்ந்து நிற்கிறார். ஸ்பூனில் எடுத்து வாய்கிட்டே கொண்டுபோனேன். திறந்தார். இன்னொரு வாய். அதற்கப்புறம் முகத்தைத் துடைக்க அவர் கையை முன்னால் எடுத்தார். அது நடுங்கியது. இவர் கை மாதிரியே.

அதற்கு மேல் என்னால் ஊட்ட முடியவில்லை.